அப்பா வந்த காது

நான் பொய் சொல்லிப் பெயர் வாங்கியவன். நம்பாவிட்டால் என் மனைவியைக் கேளுங்கள். மேடை போட்டுச் சொல்லுவாள்.

அப்போது சென்னையில் டப்பிங் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஐயோ", "விடாதே, பிடி" என்று கூட்டத்தில் கத்துகிற குரல்தான். மனைவி பொன்மணியும் ஐந்து வயது மகள் மதியும் தென்காசியில் இருந்தார்கள். ஒருநாள் ஸ்டூடியோ வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் பேசினேன். "இந்த வாரம் கண்டிப்பா வாரேன். நம்பு." (முந்தின வாரமும் இதையேதான் சொல்லியிருந்தேன்.) பின்னால் நின்று கேட்ட டப்பிங் இயக்குநர், "இதே குரல்ல உள்ள வந்து மைக்ல சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அப்படித்தான் நான் கீரியப்பா ஆனேன். அது ஒரு கார்ட்டூன் சிரிப்புத் தொடர். ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பம். அம்மாவும் மூன்று குட்டிகளும். அப்பா எப்போதும் வெளியூர். திரையில் தலையைக்கூடக் காட்ட மாட்டார். பிறந்தநாளோ, பள்ளி விழாவோ, வீட்டுக்குள் வெள்ளமோ, அவரிடமிருந்து போன் மட்டும் வரும்: "இந்தா, பத்து நிமிசத்துல வந்துருதேன்!" அதுதான் என் வசனம். எந்த எபிசோடிலும் அவர் வந்து சேர்ந்ததில்லை. நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தென்காசியில் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே திரிந்தார்கள். மதிக்கு முதலில் ஒரே பெருமை. பிறகு கூடப் படிக்கிற ஒரு வாண்டு, "உங்கப்பாவும் வரவே மாட்டாராமே?" என்று கேட்டிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டிவியை அணைத்துவிட்டாளாம். பொன்மணி போனில் இதைச் சொன்ன அன்றே, பிள்ளையின் காதுகுத்துக்காவது நேரத்துக்குப் போய் நிற்பது என்று சபதம் போட்டேன்.

போனேன் ஐயா, போனேன்! சென்னை ரயில் காலை ஏழரைக்கே என்னைத் தென்காசியில் இறக்கிவிட்டது. சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில் எங்கள் சாஸ்தா கோயிலில் பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் காதுகுத்து. கையில் முழுசாக மூன்று மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் சாரல் முகத்தில் அடித்தது. ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போனால்தான் என்ன? (கோயில் ஒரு திசை, ஐந்தருவி நேர் எதிர்த் திசை. சாரல் விழுந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரனுக்குத் திசை தெரியாது.)

குளித்துவிட்டுக் கிளம்பியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் மடக்கிவிட்டார். "அண்ணாச்சி, மெட்ராஸ் சூடு பூரா உடம்புல நிக்கி. உக்காருங்க." உட்கார்ந்தேன். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை என்னை ஊறப்போட்டார். எழுந்து அருவிப் பக்கம் திரும்புகிறேன், விசில் சத்தம்! தண்ணீர் வரத்து கூடிவிட்டதாம். போலீஸ்காரர் எல்லோரையும் வெளியே விரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், எப்ப விடுவிய?"

"பத்து நிமிசத்துல விட்டுருவோம். ஓரமா நில்லுங்க."

என் வசனத்தை எனக்கே சொன்னார். நானும் நம்பி நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். பொன்மணி இத்தனை வருஷம் பட்ட பாடு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பத்தேகாலுக்கு அவளே கூப்பிட்டாள். "எங்கன நிக்கிய?"

"ரயில் லேட்டு பொன்மணி. ஆட்டோ பிடிச்சாச்சு. இந்தா, பத்து நிமிசத்துல வந்துருதேன்!"

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்கென்ன தெரியும்? கோயிலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கத்துவது கேட்டது. "ஏலே, கீரியப்பா பேசுதாரு! மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க!"

"அங்கன என்ன இரைச்சல்?" என்றாள் பொன்மணி.

"மழை."

"இங்கன வெயில் மண்டையப் பொளக்கு."

அந்த நேரம் பார்த்து எண்ணெய்க்காரர், "அருவியத் தொறக்க நேரமாவும் அண்ணாச்சி. காலை நீட்டுங்க, இன்னொரு கை தேச்சு விடுதேன்" என்று கத்தித் தொலைத்தார்.

 பிறகு மதியின் குரல் வந்தது. "அப்பா, நெசமாவே வாரியளா? இல்ல, டிவில சொல்லுத மாதிரியா?"

குரலை வைத்துப் பிழைக்கிறவன், அன்றைக்குக் கால்களைத்தான் நம்பினேன்.  எண்ணெயோடு ஓடினேன். புது வேட்டியைக் கட்டினால் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்டோக்காரர் சீட்டில் பேப்பர் விரித்துத்தான் ஏற்றினார்.

கோயிலில் என் மச்சான் முருகேசன், அதாவது மதியின் தாய்மாமன், அவளை மடியில் வைத்திருந்தார். வலது காதைக் குத்த விட்டிருக்கிறாள். இடது காதைப் பொத்திக்கொண்டு, "இது அப்பா வந்த பொறவுதான்" என்று ஒரே பிடி. காது குத்த வந்த ஆசாரி, பதினொன்று ஆகப்போவதாக அவசரப்படுத்தினார். முருகேசன் மெல்ல அவள் கையை விலக்கிவிட்டு, "உங்கப்பா வரமாட்டாரு தாயி" என்றார். ஆசாரி ஊசியை வைத்தார்.

"மதி! வந்துட்டேன்!" என்று வாசலில் நின்று கத்தினேன். மைக்கில் ஒருநாளும் சொல்லாத வசனம்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். ஊசி ஒரு நூலளவு கீழே இறங்கிக் குத்திவிட்டது.

அழுதாள். அழுதுகொண்டே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பட்டுப்பாவாடை முழுக்க எண்ணெய். முருகேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ளே, உங்கள அப்படியே அடுப்புல வச்சா ஊருக்கே அப்பளம் பொரிக்கலாம்." பொன்மணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான் இப்போது ஊரோடு வந்துவிட்டேன். மதி கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். எந்த ஜிமிக்கி போட்டாலும் இடது பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் தொங்கும். ஏன் என்று யாராவது கேட்டால், "வலது, அப்பா வராத காது. இடது, அப்பா வந்த காது" என்பாள். நானே இரண்டு தடவை கேட்டுவிட்டேன், வேறு இடத்தில் குத்திக்கொள்ளலாமா என்று. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

போன வருஷச் சாரல் சீசனுக்கு ஊருக்கு வந்தவள், காலையில் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தாள். "பத்து நிமிசத்துல வந்துருதேன்ப்பா." வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. தலை நனைந்திருந்தது, கழுத்தில் எண்ணெய் மினுங்கியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.