குணசீலன் வீட்டு டப்பா

மூன்றாம் நாள் மாலையிலும் டப்பா காலியாகவே இருந்தது. வெள்ளை மூடி, உள்ளே ஒரு சின்னக் கரண்டி, மேலே 'வீடு எண் 31' என்ற சீட்டு. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாக நர்ஸ் அறிவுச்செல்வி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சேலத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு, மல்லசமுத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் முப்பத்தொரு வீடுகளுக்கும் டப்பா கொடுத்திருந்தது. கோழிகளின் தண்ணீரில் கலக்கும் மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள், எந்த மாத்திரைக்கும் சாகாதவை, பண்ணைக்காரர்களின் குடலிலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு கரண்டி மலம் போதும்.

குணசீலனுக்கு அது சாதாரண விஷயமாக இல்லை. மருந்து போடாத முட்டை கேட்டு ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். தன் பண்ணையில் மருந்தே கிடையாது என்று குணசீலன் சொல்லிவிட்டான். அப்படியானால் இந்த டப்பாப் பரிசோதனையின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்றார் அவர். இந்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் பண்ணையைப் பூட்டவேண்டியதுதான். அவன் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கவே கூடாது.

இருந்தால் கொன்றுவிடலாம் என்று முதலில் நினைத்தான். கோழிக்கு வாங்கி மீந்திருந்த மருந்துப் பொடியை எடுத்தான். அவன் எடைக்கு ஐம்பது கோழி வரும். ஐம்பது கோழிக்கான அளவை மோரில் கலக்கிக் குடித்தான்.

அன்று முழுக்க வயிற்றால் போனது. கரண்டியில் நிற்கிற மாதிரி எதுவும் வரவில்லை. அவன் மனைவி சௌந்திரம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஏனுங்க, அந்த மருந்தத் தின்னு தின்னுதான அந்தக் கிருமி சாவாம நிக்குதுன்னு நர்சுப் புள்ள சொல்லுச்சு? அதுக்கே மறுக்காவும் ஊத்துனா செத்துருமாக்கும்?"

இப்போது வயிற்றில் மிஞ்சியிருப்பவை தேர்ந்தெடுத்த, மருந்துக்குச் சாகாத கிருமிகள்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதலில் வயிற்றை நிறுத்துவோம் என்று மாத்திரை வாங்கினான். ஒன்று போடச் சொன்னார்கள். மூன்று போட்டான். நின்றது. இரண்டு நாளாக நின்றபடியே இருந்தது. வாழைப்பழம், வெந்நீர், விளக்கெண்ணெய் எதற்கும் அசையவில்லை.

இனி வேறு வழியில்லை. டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுத் தங்கமுத்துவிடம் போனான். கோழி வளர்க்காதவர், மாத்திரையைத் தொடாதவர், வேளை தவறாமல் காலைக்கடன் முடிப்பவர். சுற்றுவட்டாரத்தில் இந்த மூன்றும் அமைந்த ஒரே ஆள். மரியாதைக்கு ஓர் அட்டை முட்டையும் எடுத்துப்போனான். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடியிருந்தான். தேவைப்படவில்லை.

"டப்பாவுங்களா மாப்ள? வெச்சுட்டுப் போங்க. வெடியால ஆறு மணிக்கு வந்து எடுத்துக்குங்க" என்றார் தங்கமுத்து.

மறுநாள் டப்பா தயாராக இருந்தது. அறிவுச்செல்வி வாங்கிப்போனாள். குணசீலன் நான்கு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

ஒரு மாதம் கழித்து, பால் சொசைட்டிக் கட்டடத்தில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். முப்பது பேர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்கள். குணசீலனின் தாளில் மட்டும் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பலனில்லை' என்று போட்டிருந்தது. அங்கேயே வந்திருந்த கம்பெனிக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, குணசீலனைவிட இரண்டு மடங்கு பொடி போடும் ஆனந்தகுமாரின் பண்ணையைப் பார்க்கக் கிளம்பினார்.

அறிவுச்செல்வி அவனைத் தனியாக அழைத்துப்போனாள்.

"டாக்டருக்கே குழப்பமுங்க. மத்த முப்பது ஊட்டுதும் ஒரே வயித்துல இருந்து வந்த மாதிரி இருக்குது. உங்களுது ஒண்ணுதான் வேற."

குணசீலன் நேராக மரவள்ளிக் காட்டுக்கு வண்டியை விட்டான். தங்கமுத்து வீட்டு வாசலில் காலி முட்டை அட்டைகள் நெஞ்சுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

"மாமா, அத்தன பேருக்கும் நல்லதக் குடுத்துட்டு எனக்கு மட்டும் எதைக் குடுத்தீங்க?"

தங்கமுத்து சங்கடத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. முப்பது டப்பாவுக்குப் பங்கு போட்டதுல, கடைசியா வந்த உங்களுக்கு மிச்சமில்லாமப் போச்சுங்க. அதான் நீங்க ஷெட்டுக்குப் போன நேரமாப் பாத்து, உங்கூட்டு அம்மிணிகிட்டயே வாங்கி வெச்சேன்."