இரண்டு இலக்கக்காரர்

ஒரு கால்பந்துக் கழகம் மூன்று முறை பெயரை மாற்றிக்கொண்டது. நான்கு முறை மைதானத்தை மாற்றியது. சட்டை முதலில் பச்சை. பிறகு பச்சையும் கறுப்பும். சாயப்பட்டறை முதலாளி ஒருவர் தலைவரானதும், அவரிடம் மீந்துகிடந்த நீலம். தொடங்கியவர்கள் அத்தனை பேரும் கல்லறையில். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஊர்க்காரர்கள். அப்படியானால், நூறு வருடங்களுக்கு மேலாக இருந்துவருகிறது என்கிறார்களே, அந்தக் கழகம் எங்கேதான் இருக்கிறது?

எனக்குத் தெரியவில்லை. நான் படித்த தத்துவ நூல்களும் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. ஆனால் பெல்ஜியத்தில் எந்தக் கழகத்தின் பியர்க்கடைக்குள் நுழைந்தாலும், புகைப்படங்கள் மாட்டிய சுவருக்குக் கீழே, கடுகுச் சாந்தில் தொட்டுத் தொட்டுப் பாலாடைக்கட்டித் துண்டுகளை மென்றபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரியும். அவர்தான் கழக வரலாற்றுக்காரர். இந்த இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதல் அடையாளம்: அவர் ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். வெளியே பந்து வலைக்குள் போகும், ஊரே கத்தும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரிலுள்ள மீசைக்காரர்களில் இடமிருந்து நான்காமவர் உண்மையில் கோல்காப்பாளரா அல்லது அன்றைக்குப் பந்துக்குக் காற்றடிக்க வந்தவரா என்று யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டாவது அடையாளம், 'நாம' என்ற சொல். தான் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பு நடந்த ஆட்டத்தை "அன்னிக்கு மழையில நாம அவங்கள மூணு கோல் போட்டு அனுப்பினோம்" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை தோற்றதைக் கேட்டால் மட்டும் "பசங்க தோத்துட்டாங்க." வெற்றியில் பிறப்பதற்கு முன்பே பங்கு, தோல்வியில் உயிரோடிருந்தும் பங்கில்லை. முதல் உலகப்போரில் கோல் கம்பங்களை ஜெர்மானியர்கள் எரித்ததாகச் சொல்வார். நம்மவர்களே குளிருக்கு அடுப்பில் வைத்ததை அவர் நன்றாக அறிவார். சொல்லமாட்டார். வரலாறு என்பது ஞாபகமாக மறப்பது என்று நான் எப்போதோ ஒரு முடிவுக்கு வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

எங்கள் விஸெகெம் கழகத்தின் வரலாற்றுக்காரர் ஓடிலோன் வெர்காம். கழகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர் ஒரே சொல்லில் பதில் சொல்வார்: எண்ணில். அந்தக் காலத்தில் கால்பந்துச் சங்கம், யார் முந்திச் சேர்ந்தார்கள் என்று பார்த்து ஒவ்வொரு கழகத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. பெயர் மாறலாம், ஊரே மாறலாம், எண் மாறாது. கழகம் செத்தால் எண்ணும் சாகும். அதை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். எங்கள் எண்ணுக்கு இரண்டு இலக்கம். கால்வாய்க்கு அந்தப் பக்கமுள்ள டோர்னெக் கழகத்துக்கு மூன்று. ஓடிலோனுக்கு உலகம் இந்த இரண்டு வகை மனிதர்களால் ஆனது.

"அஞ்சு கோல் வாங்கியிருக்கோம், ஓடிலோன். அதுவும் டோர்னெக்கிட்ட," என்பாள் பியர்க்கடையை நடத்தும் கோடலீவ்.

"அவங்க நம்பருக்கு எத்தனை இலக்கம்?"

"அத வச்சு கோல் போட முடியுமாய்யா?"

"எத்தனை இலக்கம்னு கேட்டேன்."

"மூணு. போதுமா? இந்தா, குடி."

அவர் குடிப்பார். ஐந்து கோல் தோல்வி அத்தோடு தீர்ந்தது.

ஆனால் இரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு பதினொரு பேரைக் கூட்ட முடியவில்லை. சிறுவர் அணி கலைந்தது. பெரியவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பயிற்சியாளரே காற்சட்டை மாற்றி ஆட இறங்கவேண்டிய நிலை. டோர்னெக்கிலும் ஆள் குறைவு. இருந்தாலும் அவர்கள் எங்களைவிட ஒரு படி மேலான பிரிவில் ஆடினார்கள். கடைசியில் இரண்டு கழகங்களும் இணைவதென்று பேச்சு வந்தது. சங்கத்தின் விதி எளிமையானது: இணையும் கழகம் ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம்; மற்றது அழியும். எந்த எண்ணோ அந்தப் பிரிவு. எங்கள் எண்ணை வைத்தால் அடிமட்டப் பிரிவில் தொடங்கவேண்டும். அவர்களுடையதை வைத்தால் ஒரு படி மேலே. முடிவெடுக்கும் பொறுப்பை, பழைய கழகம் என்ற மரியாதைக்காக, டோர்னெக்காரர்கள் எங்களிடமே விட்டார்கள். மூன்று இலக்கக்காரர்களுக்குத் தந்திரமும் தெரியும்.

கூட்டம் பியர்க்கடையிலேயே நடந்தது. தலைவர் ஃபிர்மின் பேசினார், யாரும் கேட்கவில்லை. கோடலீவ் பேசினாள், எல்லாரும் கேட்டார்கள்.

"நம்பரு நம்பருன்னு சொல்லியே பசங்கள விட்டுட்டோம். மேல் பிரிவுல ஆடினா நாலு புள்ளைங்க பயிற்சிக்கு வரும். கீழ கெடந்தா இந்தச் சுவத்துல இருக்கிற செத்தவங்கதான் ஆடணும்."

"செத்தவங்க உன் ஆளுங்களவிட நல்லா ஓடுவாங்க," என்றார் ஓடிலோன்.

சிரித்தார்கள். பிறகு ஓடிலோன் எழுந்து எங்கள் பெயர்கள், மைதானங்கள், பச்சை, கறுப்பு, மீந்துபோன நீலம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதெல்லாம் போச்சு. போகாதது ஒண்ணுதான்" என்று உட்கார்ந்தார். நான் அவரைப் பாராட்டியதில்லை. அன்றைக்கு அதற்குச் சற்று அருகில் வந்தேன்.

கைதூக்கச் சொன்னார்கள். கைகளை எண்ணுவது வழக்கம்போல ஓடிலோன். விரல் நீட்டி, உதடு அசைத்து, இரண்டு தரம் எண்ணினார்.

"சரிபாதி," என்றார்.

"நீங்க இன்னும் தூக்கலையே," என்றார் ஃபிர்மின்.

உண்மைதான். எண்ணுகிற மும்முரத்தில் தன் கையை மறந்திருந்தார். அறையின் ஒரு பாதி மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த டோர்னெக் செயலாளர், விஷயம் முடிந்ததென்று மேலங்கியில் ஒரு கையை நுழைத்துவிட்டார்.

"விஸெகெம் எண்ணுக்கு?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார் ஃபிர்மின்.

ஓடிலோன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசைமீதே இருந்தது.

"டோர்னெக் எண்ணுக்கு?"

கை எழுந்தது.

"யோவ்! தப்பான நேரத்துல தூக்கிட்ட, எறக்குய்யா!" என்று கத்தியது வேறு யாருமல்ல, கோடலீவ். அவள் ஜெயித்திருந்தாள்.

அவர் இறக்கவில்லை. ஃபிர்மின் எழுதி முடிக்கும்வரை அந்தக் கை அப்படியே நின்றது.

ஏன்? ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்காக இளகிவிட்டார் என்பது கோடலீவின் கட்சி. முதுமை என்கிறார் ஃபிர்மின். எனக்கு ஒரு சந்தேகம்: முடிந்துபோன கழகம் இனித் தோற்காது, அதன் வரலாற்றில் இனி எந்தப் பசங்களும் கைவைக்க முடியாது. ஆனால் இதை ஓடிலோனிடம் சொன்னபோது, "பியர் சூடாகுது பாரு" என்றார். இப்போதும் அதே சுவருக்குக் கீழே, அதே கடுகுச் சாந்தோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே புதிய கழகம் ஆடுகிறது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். சிறுவர் அணிக்குப் பிள்ளைகள் வந்தார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த இரண்டு இலக்கங்கள் என்னென்ன என்று நான் சொல்லவில்லையே என்பதுதானே வெகுநேரமாக உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது?

அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள். எண்ணைச் சொல்வார். கை ஏன் எழுந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.