கணையத்துக்கு வைத்த அலாரம்

எங்கள் தெருவில் கடிகாரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வந்தது. கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரமெல்லாம் வேண்டிய மட்டும் கிடைத்தன. தலையில் இரண்டு குமிழ் வைத்துக்கொண்டு, அடித்தால் அடுத்த வீட்டுக்காரனும் எழுந்து உட்காரும்படி அலறுமே, அந்த அலாரம் கடிகாரத்தைத்தான் எந்தக் கடையிலும் காணோம். எல்லாம் ஜனங்களின் வயிற்றின்மேல் இருந்தன.

என் தையற்கடைக்கு நேர் எதிரே ஒரு வாடகை மண்டபம். அதன் வாசலில் ஒரு நாள் 'குழந்தைகள் சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையம்' என்று பலகை மாட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டு ஆராய்ச்சியாம். ஆராய்ச்சி செய்தவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் எழுப்பி ஐயா. ஆராய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரியாது. அவருடைய வெள்ளைக் கோட்டுக்கு அளவெடுத்தது நான்தான், அதுவும் போன மாதம்தான். "டாக்டர் கோட்டு மாதிரியும் இருக்கணும், முனிவர் அங்கி மாதிரியும் இருக்கணும்" என்றார். முழங்காலுக்குக் கீழே இறக்கி, ஸ்டெதஸ்கோப்புக்கு ஒரு பையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஐயாவின் கண்டுபிடிப்பு இதுதான். பிள்ளைகளுக்குச் சர்க்கரை ஏறுவது கணையம் தூங்கிப்போவதால். இன்சுலின் ஊசி போடப் போட, 'வேலையை வேறொருவன் பார்க்கிறான்' என்று அது இன்னும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. தட்டி எழுப்பிவிட்டால் ஊசியே வேண்டாம். தூங்குகிறவனை எழுப்ப என்ன வேண்டும்? அலாரம் வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆனது ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது. முதலில் பிள்ளையின் கையில் ஒரு கண்ணாடி உருண்டையைக் கொடுத்துப் பத்து விரலாலும் உருட்டச் சொல்வார். உடம்பில் பதுங்கியிருக்கும் நோய் விரல் நுனிக்கு வருமாம். உடனே ஐயாவின் மச்சான் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்துப் பார்ப்பார். நானூறு, ஐந்நூறு என்று காட்டும். பெற்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் பிள்ளையைப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் கடிகாரத்தை வைத்து அலறவிடுவார்கள். பிள்ளை எழுந்ததும் 'விழிப்பு நீர்' என்ற அண்டாத் தண்ணீரில் கையை முக்கி எடுத்து, வெள்ளைத் துண்டில் துடைத்து, மறுபடி ஒரு குத்து. நூற்றைம்பது, இருநூறு. கூட்டம் கைதட்டும்.

தெருவுக்கே தலைகால் புரியவில்லை. நோய் இல்லாதவர்களும் கடிகாரம் வாங்கினார்கள். பக்கத்துச் சந்து குமாஸ்தா தன் கணையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்தார். மாடி வீட்டில் புருஷன் வைத்த அலாரத்தில் பெண்டாட்டியின் கணையம் எழுந்துகொண்டதாம், அவருடையது எழவில்லையாம். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. வயிற்றில் கட்டிக்கொள்ள, கடிகாரப் பை வைத்த பெல்ட் கேட்டு என்னிடமே வந்தார்கள். தைத்தேன். பொத்தானா, நாடாவா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இதில் கணக்கு வாத்தியாரும் போய் மாட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பெருக்கல் சொல்லிக்கொடுத்த மனிதர். அவருடைய ஒரே மகள், ஒன்பது வயது, நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஆறு வயதிலிருந்து சர்க்கரை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. அவளே பேனா மாதிரியான அந்த ஊசியில் அளவைத் திருப்பி, சட்டையைத் தூக்கிப் போட்டுக்கொள்வாள். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்று வருடமாக, ஒவ்வொரு முறையும். பாவம், பெற்ற மனசு. அந்த ஊசி நின்றால் போதும் என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு, நிறுத்துகிறேன் என்று ஒருவன் சொன்னால் கணக்கா நினைவுக்கு வரும்?

சுண்டெலிக்கு நானூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்தொன்றாக இறங்கியது. "அடுத்த ஞாயித்துக்கிழமை விடுதலை நாள். வீட்ல இருக்கிற இன்சுலின் எல்லாத்தையும் கொண்டுவந்து இந்தப் பெட்டியில போட்டுடுங்க. அது விஷம், ஒண்ணு மிச்சம் வெச்சாலும் கணையம் திரும்பப் படுத்துக்கும்" என்றார் ஐயா. வாத்தியார் சரி என்று வந்துவிட்டார். வாத்தியாரம்மா அழுதார், சண்டை போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தங்கைக்குப் போன் செய்தார்.

தங்கை, அதாவது சுண்டெலியின் சித்தி, வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிள்ளைகளின் சர்க்கரை நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அங்கே தலை நரைத்த டாக்டர்களே பாதிக் கேள்விக்கு 'இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்பார்களாம். எதிர் மண்டபத்தில் தெரியாத விஷயமே கிடையாது. ஜனங்களுக்கு எந்த ஆராய்ச்சி பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை சித்தி ஊருக்கு வந்து இறங்கினாள்; சுண்டெலியின் பள்ளிப் பாவாடையை இறக்கித் தைக்க அவளும் சுண்டெலியும் என் கடைக்கு வந்தார்கள். நான் அளவெடுக்க, சித்தி மண்டபத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"குத்துறதுக்கு முன்னாடி கை கழுவினியா?"

"கழுவணும்னு சொன்னேன் சித்தி. அந்த மச்சான் மாமா, பேசாம இருன்னு திட்டினாரு."

"சரி, உருண்டை எப்படி இருந்துச்சு?"

"பிசுபிசுன்னு இருந்துச்சு. பாவாடையில துடைச்சுக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள குத்திட்டாரு."

சித்தி சுண்டெலியின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு நானும் வர்றேன். அப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத, நம்ம சொன்னா கேக்கமாட்டாரு. அவர் கண்ணால பாக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு காலை மண்டபத்தில் எள் போட இடமில்லை. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். மேடையில் பெரிய வெள்ளைப் பெட்டி. முதல் வரிசையில் கணக்கு வாத்தியார், மடியில் ஒரு துணிப்பை. மகளின் ஒரு மாத உயிர் அந்தப் பைக்குள் இருந்தது. பக்கத்தில் அம்மா, கண் வீங்கிப்போய். பலர் ஏற்கெனவே பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

சித்தி மேடை ஏறித் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையைச் சொன்னாள். ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியே தன்னைத் தேடி வந்திருப்பதாகக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"எங்க ஆராய்ச்சியில நோய் இல்லாத ஒருத்தரையும் சேர்த்துச் சோதிப்போம். ஒப்பிட்டுப் பாக்கணும்ல? உங்களுக்குச் சர்க்கரை இல்லையே?" என்று கேட்டாள்.

ஐயா, தன் கணையம் பிறந்ததிலிருந்து கண்ணே மூடியதில்லை என்றார். சித்தி தன் பையிலிருந்து தண்ணீரும் சோப்பும் எடுத்து அவர் கையைக் கழுவித் துடைத்து, தன் மீட்டரில் பார்த்தாள். நூற்று நான்கு. கூட்டம் கைதட்டியது. "இப்ப உருண்டையைப் பிடிங்க" என்றாள். ஐயா பின்வாங்கினார். உருண்டை நோயாளிகளுக்கு மட்டும்தானாம். ஆனால் கூட்டம் விடவில்லை. பிடிங்க ஐயா, ஆஸ்பத்திரிக்காரங்க பாக்கட்டும் என்று நாலா பக்கமும் குரல். வேறு வழியில்லாமல் உருட்டினார். குத்தினாள். மீட்டர் எண்ணையே காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. தன் அளவுக்கு மேலே போய்விட்டால் அது அப்படித்தான் சொல்லுமாம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். நம் ஜனங்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, தழுதழுத்த குரலில், "நம்ம பிள்ளைங்க நோயையெல்லாம் ஐயா தன் உடம்புல வாங்கிக்கிட்டாரு" என்றார். அவ்வளவுதான், மண்டபமே அழுதது. ஐயா ஒரு கணம் விழித்தார்; அடுத்த கணம் கையை விரித்து, கண்ணை மூடி, "வெளிய சொல்லவேண்டாம்னு பாத்தேன். ஆமா, எல்லாத்தையும் நானே வாங்கிக்கிட்டேன்" என்றார். வாத்தியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையோடு எழுந்தார்.

சித்தி பதறவில்லை. "அப்படின்னா இது அவசரம். இவ்வளவு சர்க்கரை இருந்தா ஆள் மயங்கி விழுந்துடுவாரு. மாமா, அந்தப் பையைக் குடுங்க" என்றாள். ஒரு ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினாள். "சுண்டெலி, இங்க வா. இத்தனை பிள்ளைங்களோட நோய்க்கு எவ்வளவு போடலாம்?"

"முழுசா போட்டுடலாம் சித்தி" என்றாள் அவள், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

ஐயாவின் கண் திறந்துகொண்டது. நோய் இல்லாதவனுக்கு இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்பது, பன்னிரண்டு ஆண்டு ஆராய்ச்சியில் அவர் உருப்படியாகத் தெரிந்துகொண்டிருந்த ஒரே விஷயம் போலிருக்கிறது. சித்தி ஓரடி முன்னால் வைத்தாள். கூட்டம் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சட்டையைத் தூக்குங்க ஐயா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று தைரியம் சொன்னது.

"வேண்டாம், போடாதீங்க, செத்துடுவேன். எனக்குச் சர்க்கரை இல்ல. உருண்டையில இருக்கிறது குளுக்கோஸ் பாகு, தண்ணியில கழுவினாப் போயிடும்" என்று கத்தினார்.

சித்தி ஊசியை மூடிப் பையில் வைத்தாள். போடுகிற எண்ணம் அவளுக்கு எப்போதும் இல்லை. தண்ணீரை ஊற்றி அவர் கையைக் கழுவி, அலாரம் எதுவும் இல்லாமல் மறுபடி குத்தினாள். நூற்று ஆறு. மீட்டரை வாத்தியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாமா, இவளோட கணையம் தூங்கல. இன்சுலின் சுரக்கிற செல்லையெல்லாம் இவ உடம்பே அழிச்சிடுச்சு. ஏன்னுதான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம். தேடி முடிக்கிறவரைக்கும் இந்த ஊசிதான் இவளுக்குச் சோறு, தண்ணி, மூச்சு எல்லாம். நிறுத்தினா ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டா."

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சந்தடியில் மச்சான் வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே நழுவப் பார்த்தார். வாத்தியாரம்மா மறித்தார். மூடியைத் திறந்தால் உள்ளே ஊசிகளைச் சுற்றி ஐஸ் கட்டிகள்.

"விஷம்னு சொல்லி வாங்கினீங்களே, விஷம் கெட்டுப்போகாம இருக்க எதுக்கு ஐஸ்?" என்று கேட்டார்.

விற்பதற்குத்தான். மச்சான் வாயால் சொல்லவில்லை; முகம் சொல்லிவிட்டது. பெற்றவர்கள் முண்டியடித்துத் தங்கள் பிள்ளைகளின் மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வரும்வரை ஐயாவை மேடையிலேயே உட்கார வைத்திருந்தோம். நான் தைத்த கோட்டு அவருக்கு நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. போகிற போக்கில் அந்தப் பெரியவர் சித்தியிடம் வந்து, "சரிம்மா, ஆனா அந்த அலாரத்தைச் சும்மா வெச்சுக்கிட்டா ஒண்ணும் கெட்டுடாதே?" என்று மெதுவாகக் கேட்டார்.

சாப்பாட்டு வேளை ஆகிவிட்டதால் வாத்தியார் குடும்பம் என் கடையில் வந்து உட்கார்ந்தது. சுண்டெலி சோப்புப் போட்டுக் கை கழுவினாள், விரலில் குத்திப் பார்த்தாள், ஊசியில் அளவைத் திருப்பினாள். இந்த முறை வாத்தியார் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணில் நீர் கொட்ட, முழுவதும் பார்த்தார். "அப்பாவ மன்னிச்சுடும்மா" என்றார்.

அவள் அம்மாவின் பையைத் துழாவி அவர்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தை எடுத்தாள். சாவி கொடுத்தாள். எட்டி, அதை அப்பாவின் தலையில் வைத்தாள்.

"இங்க வெச்சுப் பாப்போம்ப்பா" என்றாள்.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி அது அலறியது. ஓயும்வரை வாத்தியார் தலையை அசைக்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு கடிகாரம் இருக்குமே, அடுத்த எழுப்பி ஐயா ஊருக்குள் வருவதற்கு முன்னால் எடுத்து அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.