தாசில்தாருக்குச் சுத்தமான தண்ணீர்

தண்ணீரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். இந்தக் கட்டுரையில் நடக்கும் அத்தனை அனர்த்தத்துக்கும் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கடற்கரையோரம் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. கொதிகலன்களுக்குப் போகும் தண்ணீரில் துளி உப்புகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேதியியலில் முதுகலை முடித்து, பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஆனால் செங்கல்பட்டில் என் புகுந்த வீட்டைப் பொறுத்தவரை நான் 'தண்ணி டிபார்ட்மெண்ட்'. தெருவில் லாரி வரவில்லை என்றால் எனக்குப் போன் வரும். குழாய் ஒழுகினால் மாமா, அதாவது என் மாமனார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "வாஷர் போட்டுடும்மா, உன் டிபார்ட்மெண்ட்டுதானே" என்பார். முதுகலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு அதுவரை நான்கு வாஷர் மாற்றியிருந்தேன். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை என் படிப்பை மதித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. வெளியில் சொன்னதில்லை.

மாமா மதுராந்தகம் தாலுகா ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடமும் ஏதாவது ஒரு தாசில்தார் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார். ஓய்வு பெற்றதும் ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன் வாங்கினார். நெற்றியில் பெரிய புடைப்போடு, சிவப்பாக, யாரைப் பார்த்தாலும் முறைக்கிற வகை. தொட்டியில் தனியாகத்தான் இருக்கும், இன்னொரு மீனைப் போட்டால் கடித்துக் கொன்றுவிடும். அதற்கு 'தாசில்தார்' என்று பெயர் வைத்தார். காலையில் தொட்டி முன் நின்று, "இன்னா தாசில்தார், சாப்பாடு வேணுமா? கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, மனு பரிசீலனைல கீது" என்று ஐந்து நிமிடம் காக்க வைத்துவிட்டுத்தான் தீனி போடுவார். மாமாவின் விரல் கண்ணாடியில் பட்டால் அந்த மீன் எங்கிருந்தாலும் ஓடி வரும். வீட்டில் எல்லோரும் மீனை 'அவர்' என்றுதான் சொல்வோம். (நானும்தான். பழகிவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது.)

மதுரையில் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்து, மாமாவும் அத்தையும் பன்னிரண்டு நாள் கிளம்பினார்கள். கிளம்பும் முன் மாமா ஒரு குறிப்பாணை எழுதிக் கொடுத்தார். நிஜமாகவே குறிப்பாணைதான். மேலே 'பொருள்: மீன் பராமரிப்பு' என்று கோடு போட்டிருந்தார். காலை ஏழு உருண்டை, மாலை ஏழு உருண்டை தீனி. ஞாயிறன்று கால் பங்கு தண்ணீர் மட்டும் எடுத்துவிட்டு போர் தண்ணீர் நிரப்பவும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசவும். கீழே கையெழுத்து, தேதி. வாயால் சொன்னது ஒன்றுதான்.

"நீயா ஒண்ணும் பண்ணாதம்மா. அது போதும்."

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நான் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டுகிற, பேனா அளவுக் கருவி அது. தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டியது. எங்கள் நிலையத்தில் அந்தத் தண்ணீரைக் கொதிகலனுக்குள் விட்டால் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஸ்பாஞ்சைத் தூக்கிப் பார்த்தால் வழவழவென்று பழுப்பாக ஒரு சேறு. அழுக்கை அழுக்கிலேயே அலசச் சொல்கிறாரே, பாவம் பெரியவர், படித்தவர்கள் பக்கத்தில் இருந்தும் கேட்கத் தோன்றவில்லையே என்று பரிதாபப்பட்டேன். பரிதாபப்பட்டது நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை முழுக்கச் சமையலறைச் சுவரில் வேலை நடந்தது. வண்டல் வடிகட்ட ஒன்று, குளோரினுக்குக் கரி ஒன்று, அப்புறம் ஆர்.ஓ. சவ்வு, அதற்கும் மேலே மிச்சசொச்ச உப்பையும் பிடித்துவிடும் ரெசின் குழல். மொத்தம் நான்கு உருளைகளை வரிசையாக மாட்டி, அங்கிருந்து கூடத்திலிருக்கும் தொட்டி வரைக்கும் வெள்ளைக் குழாய் இழுத்தேன். என் கணவர் செந்தில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். துளை போடும் மெஷினைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஒண்ணும் பண்ண வேணாம்னு சொன்னாரே" என்றார். அதெல்லாம் விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்வது என்று விளக்கினேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. (எங்கள் கல்யாண வாழ்க்கை நன்றாகப் போவதற்கு இதுதான் காரணம். அன்றைக்கு மட்டும் அவர் பேசியிருக்கலாம்.)

ஸ்பாஞ்சையும் அதனோடு இருந்த பீங்கான் வளையங்களையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, மூன்று முறை கழுவி, மொட்டைமாடியில் காய வைத்தேன். தாசில்தாரை வாளிக்கு மாற்றினேன். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றினேன். ஞாயிறு மதியம் தொட்டி நிரம்பியது. மீட்டரை விட்டேன். பூஜ்யம். தட்டிப் பார்த்து மறுபடி விட்டேன். பூஜ்யம்தான். அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டேன். மதுரையிலிருந்து மாமா கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றை அனுப்பினார். கல்யாணமான ஆறு வருடத்தில் என் படிப்புக்கு அவர் தந்த முதல் அங்கீகாரம். அன்றைக்கு நான் இரண்டு தடவை அதை எடுத்துப் பார்த்தேன்.

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் தாசில்தார் அந்தரத்தில் நிற்பது போலத் தெரிந்தார். திங்கட்கிழமை அவர் ஏழு உருண்டையில் மூன்றுதான் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட இல்லை. புது இடம், பழக நாளாகும் என்றேன். புதன்கிழமை மூலையில் போய்ச் சாய்ந்து நின்றார். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் சிவப்பு போய்ச் சோறு வடித்த கஞ்சி நிறத்துக்கு வந்திருந்தார். நெற்றிப் புடைப்பு வற்றிப்போய் இருந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. மீட்டர் மட்டும் நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருந்தது.

தினமும் சாயங்காலம் மாமா வீடியோ அழைப்பில் வருவார். பேரக் குழந்தையை ஒரு நிமிடம் காட்டிவிட்டு, "எங்க, அவரைக் காட்டு" என்பார். முதல் நாள் காட்டினேன். அப்புறம் தூங்குகிறார் என்றேன். அடுத்த நாள் நெட் சரியில்லை என்றேன். வியாழக்கிழமை போனைத் தொட்டியின் மோட்டார் பக்கம் திருப்பிக் குமிழிகளை மட்டும் காட்டி, பின்னால் இருக்கிறார் என்றேன். "பின்னாடி இன்னா பண்றாரு?" என்று கேட்டார். ஓய்வெடுக்கிறார் என்றேன். போனை வைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு மீன் செத்துப்போவதைப் பற்றிய பயம் மட்டுமல்ல அது. அந்த மனுஷன் நம்பிக் கொடுத்த ஒரே பொருளை, அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வழியிலேயே கொன்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஆபீஸ் பஸ்ஸைத் திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மாமா தாசில்தாரை வாங்கிய மீன் கடை அங்கேதான். கடைக்காரர் வேலு. மாமல்லபுரம் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் இடத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தொட்டித் தண்ணீர் இருந்த பாட்டிலை நீட்டினேன். அவர் ஒரு குழலில் ஊற்றி, மீன் கழிவின் விஷத்தைக் காட்டும் இரண்டு மருந்தைச் சொட்டு விட்டார். தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்பாஞ்சை என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"இன்னா மேடம் நீ. இது பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. இதுல மீனு எப்டி உசுரோட இருக்கும்? அந்த சேறு கீது பாரு, அதான் உசுரு. மீனு போடுற அழுக்க அதான் துன்னுகினு இருந்துச்சி. அத்த போயி பிளீச்சிங் போட்டு கொன்னுட்டு வந்துகிற."

பிறகு, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்.

"ஸ்கூல் டீச்சர்" என்றேன். ஆராய்ச்சி நிலையத்தின் அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் புள்ளைங்க" என்றார்.

தன் கடைத் தொட்டி ஒன்றிலிருந்து ஸ்பாஞ்சை உருவிக் கொடுத்தார். பழுப்புச் சேறு சொட்டச் சொட்ட, நான் மூன்று தடவை கழுவிக் கொன்ற அதே சேறு. இதைப் போடு, தினம் கொஞ்சமாகப் போர் தண்ணீர் சேர்த்து வா, ஒரு கைப்பிடி கல்லுப்பு போடு, சட்டென்று எதையும் மாற்றாதே என்றார். அந்த ஸ்பாஞ்சை என் சாப்பாட்டு டப்பாவில் வைத்து ஷேர் ஆட்டோவில் செங்கல்பட்டு வரை மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன குழம்பு என்று கேட்டார். பதினோரு வருடமாகத் தண்ணீரிலிருந்து அழுக்கை நீக்கியே சம்பளம் வாங்குபவள், டப்பாவில் இருக்கும் அழுக்கு வாடிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

பிழைத்துவிட்டார். பதினோராம் நாள் இரண்டு உருண்டை சாப்பிட்டார். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஆனால் புடைப்பு வரவில்லை. நிறமும் திரும்பவில்லை. முறைப்பும் போய், சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்டவர் மாதிரி இருந்தார்.

மறுநாள் காலையில் மாமா வந்து இறங்கினார். பையைக்கூட வைக்காமல் தொட்டிக்கு முன்னால் போய் விரலை வைத்தார். மீன் பின்பக்கமாகப் போய் ஒளிந்துகொண்டது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டா சரிபார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு யாரு?" என்றார்.

நான் எதையும் மறைக்கவில்லை. மீட்டர், நான்கு உருளை, பிளீச்சிங் பவுடர், குமிழியைக் காட்டி ஏமாற்றியது, வேலு கொடுத்த சேறு, எல்லாவற்றையும் நின்றபடி வரிசையாகச் சொன்னேன். மாமா கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

"போவட்டும்மா. உசுரு போறத நாம நிறுத்த முடியாது. ஆனா அந்தக் கெழவன் மனசு கஷ்டப்படுமேன்னு அலைஞ்சி திரிஞ்சி, அதே மாதிரி ஒண்ண தேடியாந்து வுட்டிருக்க பாரு. எம் பொண்ணுகூட இத்த செஞ்சிருக்க மாட்டா."

இல்லை மாமா, அவர்தான் இவர் என்றேன். மாமா தலையாட்டினார். செந்திலைச் சாட்சிக்குக் கூப்பிட்டதற்கு, அவன் நீ சொல்றதத்தான் சொல்வான் என்றார். நாள்வாரியாக எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். இங்கதான் மாத்தியிருக்க என்று புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் விரல் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோனது. அத்தை என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசி வழியாக வேலுவுக்குப் போன் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் மருமகள் வந்தாளா, தண்ணீரை டெஸ்ட் பண்ணும் ஆராய்ச்சிக்காரி என்று மாமா கேட்டார். அப்படி யாரும் வரவில்லை, ஒரு ஸ்கூல் டீச்சர்தான் வந்தார் என்று வேலு சொன்னது எனக்கே கேட்டது. மாமா நன்றி சொல்லி வைத்துவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிடும்மா என்று கருணையோடு சொன்னார்.

புதியவருக்கு 'ஆர்.ஐ.', அதாவது வருவாய் ஆய்வாளர், என்று பெயர் வைத்தார். தாசில்தாருக்கு இரண்டு படி கீழே. ஐந்து மாதத்தில் புடைப்பு திரும்ப வந்து, சிவப்பு ஏறி, முறைப்பும் வந்தபோது நான் ஓடிப்போய்க் காட்டினேன். நல்ல வளர்ச்சி, பிரமோஷன் போட்டுவிடலாம் என்றார். நான்கு உருளைகளும் இன்னும் சுவரில் இருக்கின்றன. மாதம் ஒரு முறை இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் பிடிக்கிறோம். பேட்டரி மிகுந்த ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் மாமா அந்தக் கதையைச் சொல்கிறார். மாமனார் மனம் நோகக் கூடாது என்று மருமகள் ஊரெல்லாம் தேடி மீன் வாங்கி வந்த கதை. நான் குறுக்கிட்டு, இல்லை, நான்தான் கொல்லப் பார்த்தேன் என்பேன். "பாருங்க, இன்னிய வரைக்கும் வாயத் தொறந்து ஒத்துக்க மாட்டா. அவ்ளோ தன்னடக்கம்" என்பார். என் படிப்பை அவர் இன்றுவரை மதிக்கவில்லை. வாஷர் எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் என்மேல் அவருக்கு இருக்கும் பிரியம் முழுக்க நான் செய்யாத ஒரு காரியத்தின் மேல் நிற்கிறது என்பது சில சமயம் எனக்கு உறுத்தும். சில சமயம், உண்மையைச் சொல்லப்போனால், இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றும்.

போன வருடம் செந்தில் கம்பெனி வேலையாக ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போய், சரியான சாப்பாடில்லாமல் பாதியாக இளைத்து, வெளுத்துப்போய்த் திரும்பினார். கதவைத் திறந்தவர் மாமாதான். மகனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பரவால்லம்மா. கிட்டத்தட்ட அதே மாதிரிதான் கீறான்" என்றார்.