புட்டியில் அடைத்த படபடப்பு

மனிதர் உடம்பிலிருந்து பயத்தை உருவிப் புட்டியில் அடைக்கிறாராம் ஒரு மகான்! விடுவார்களா ஜனங்கள்? மூடிக்கிடந்த திரையரங்கை அவர் வாடகைக்குப் பிடித்த அன்றே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. பரீட்சைக்குப் பயந்தவன், மாமியாருக்குப் பயந்தவள், மருமகளுக்குப் பயந்த மாமியார் என்று சகல பயங்களும் ஆஜர். யோசிக்கப் பயந்தவர்களே அதிகம். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கிரேன் ஓட்டுநரும் வரிசையில் நின்றார். போன மாதம் அவர் உச்சியில் இருந்தபோது கம்பிவடம் அறுந்து சுமை விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஏணியில் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, இறங்கிவிடுகிறார். "திங்கக்கிழமை ஏறலேன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஓட்டுநருக்கோ வேறு தொழில் தெரியாது.

கூடவே வந்திருந்தார் அவருடைய அண்ணி. மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்துகிறவர்.

மகானின் மகிமை இதுதான்: ஆளை உட்காரவைத்துக் கண்ணைக் கட்டுவார். பின்னாலிருந்து தடித்த சீடர் ஒருவர் இரும்புத் தகட்டைப் படாரென்று அடிப்பார். ஆளுக்குத் தூக்கிவாரிப் போடும். "பாத்தியா, பயம் வெளியே வருது!" என்று மகான் நெற்றியில் கை வைத்து முணுமுணுப்பார். சற்று நேரத்தில் நெஞ்சு அடங்கும். உடனே ஒரு காலிப் புட்டியை மூடி, அரக்கு வைத்து, அலமாரியில் ஏற்றுவார். பயத்துக்கு நிறமில்லையாம்!

ஓட்டுநருக்கும் அப்படியே நடந்தது. நெஞ்சு அடங்கியதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"மாசாமாசம் வந்து பூசை போடணும். இல்லேன்னா அரக்கு விட்டுடும். நீ உச்சியில நிக்கிற நேரத்துல விட்டுச்சுன்னா..." மகான் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஓட்டுநரின் முகம் வெளுத்தது.

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தார்.

"ஐயா, நீங்க கை வைக்கலேன்னா படபடப்பு அடங்காதா?"

"அடங்கவே அடங்காது! செத்தே போவான்!"

"அப்ப இவரை இன்னொரு தடவை உக்காரவைங்க. தகட்டை அடிங்க. கை மட்டும் வைக்காதீங்க."

"ஐயோ அண்ணி, நான் செத்துட்டா?"

"நான் இருக்கேன் தம்பி, உக்காருங்க. பின்வரிசை அக்கா, நீங்க வந்து நாடியைப் பிடிங்க."

கூட்டத்துக்குக் கொண்டாட்டம். யாரோ செத்துப்போவதைப் பார்க்கக் காணிக்கை கிடையாதே!

படார்!

"அம்மாடி, குதிரை மாதிரி ஓடுது!" என்றார் அக்கா.

"பயமெல்லாம் புட்டிக்குள்ள போயிடுச்சே, இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார் அண்ணி.

மகான் கூரையைப் பார்த்தார். கூட்டம் அக்காவின் விரலையே பார்த்தது. கொஞ்ச நேரம் போனது. "குறையுது... அட, அடங்கிடுச்சுங்க!" என்றார் அக்கா.

"நாம சாப்பிடற பருப்புலயும் முட்டையிலயும் இருக்கற சத்தை வச்சு உடம்பே ஒரு சரக்கு செய்யுது. அட்ரினலின், நார்அட்ரினலின்னு பேரு. நரம்பு நுனியிலயும் சிறுநீரகத்து மேல இருக்கற சுரப்பியிலயும் குட்டிக்குட்டிப் பையில அது காத்திருக்கும். அதிர்ச்சின்னா பை திறக்கும், நெஞ்சு அடிச்சுக்கும். அப்புறம் நரம்பு தான் கொட்டினதுல பெரும்பகுதியைத் தானே உறிஞ்சி மறுபடியும் பையில போட்டுக்கும். மிச்சம் சிதைஞ்சு மூத்திரத்துல போயிடும். அதைப் புட்டியில பிடிக்கணும்னா லேபுக்குப் போங்க, அரக்கு கேக்க மாட்டாங்க!"

அரங்கமே சிரித்தது. மகான் அலமாரி ஓரமாய் மெல்ல நழுவப் பார்த்தார். எந்தக் குறும்புக்காரரோ தகட்டை எடுத்துப் படாரென்று அடிக்க, ஊர்ப் பயத்தையெல்லாம் உருவியவர் துள்ளி அலமாரி மேலேயே விழுந்தார். அத்தனை புட்டியும் நொறுங்கியது. அடைத்த பயம் திரும்பி வருமென்று ஜனங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகானுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது.

திங்கட்கிழமை ஓட்டுநர் ஏணியில் கால் வைத்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது. 'வந்தது போகும்' என்று அங்கேயே நின்றார். அடங்கத் தொடங்கியதும் ஏறினார். மேஸ்திரி வேறு ஆளைத் தேடவில்லை.

அடுத்த தெருவில் இப்போது சோம்பலை உருவிப் பானையில் அடைக்கும் ஒருவர் வந்திருக்கிறாராம். அங்கேயும் வரிசை நிற்கிறது. ஐயா, அம்மா! கண்டவன் கை வைக்கக் குனிந்து கொடுக்க மட்டுமா அந்தத் தலை? உள்ளே மூளை என்று ஒன்று இருக்கிறது. அதையும் ஒருநாள் பயப்படாமல் திறந்து பாருங்கள்!