பின்சீட்டில் யார் உட்கார்ந்தது?

உலகத்தில் எல்லா வியாதிக்கும் மருந்து ஒன்றே ஒன்றுதான் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் எங்கள் சிவப்புத்தண்ணி கம்பவுண்டர். தலைவலி, கால்குடைச்சல், மாமியாரோடு சண்டை, எதுவானாலும் அதே சிவப்பு மிக்சர். வந்தவர் "அய்யா, எனக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் பாட்டில் சாய்ந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் நான் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே டாக்டர் இல்லாத சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். கம்பவுண்டரின் நிஜப்பெயர் சம்பளம் போடுகிற குமாஸ்தாவுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

அவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. உயிருக்குப் போராடுகிற நோயாளியை ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, எங்களுக்கு அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அந்தக் காருக்கே ஒரு வியாதி. அவர் தனியாகப் போனால் குதிரைபோல ஓடும். நோயாளியை ஏற்றினால் ஏதாவது ஒரு வளைவில் இருமிவிட்டு நிற்கும். நோயாளி உட்பட எல்லோரும் இறங்கித் தள்ளினால் கிளம்பிவிடும்.

காரை விற்ற வேலூர் கம்பெனிக்கே ரிப்பேருக்கு எடுத்துப் போவார். பெரிய இடத்துக்குப் போவதால் வண்டியைக் கழுவித் துடைத்து, கூட ஒருத்தரையும் ஏற்றாமல் போவார். ஒருமுறை வேறு வேலையாக பஸ்ஸில் வேலூர் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"தள்னா ஸ்டார்ட் ஆவுதா?" என்றார் மெக்கானிக்.

"ஆவுது. ஆனா ஆளு ஏறினாத்தான்..."

"பேட்டரி."

பேட்டரி மாற்றினார்கள். அடுத்த தடவை டைனமோ. அதற்கடுத்த தடவை, கம்பவுண்டர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கிற கட்-அவுட். ஓட்டிப் பார்த்து, "ஜம்முனு போவுதுங்க" என்று சாவியை நீட்டுவார்கள். போகாமல் என்ன செய்யும், பின்சீட்டு காலியாயிற்றே!

"வாத்தியாரே, நான் சொல்றத அவன் கேக்கவே மாட்டேன்றான்! வாயத் தொறக்கறதுக்குள்ள ஸ்பேனர எடுத்துட்றான். மனுசனா அவன்?" என்று கம்பவுண்டர் என்னிடம் குமுறினார். குமுறிக்கொண்டே, இன்னும் வாயைத் திறக்காத ஒரு கிழவருக்கு மிக்சர் ஊற்றிக் கொடுத்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் பொன்னி என்ற சாமை விவசாயி, வயிற்றுவலியில் துடித்த புருஷனைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்தாள். பின்சீட்டில் அவனைக் கிடத்தி, அவள் ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள். தள்ளுவதற்காக நான் முன்னால் ஏறினேன். வழியில் சின்ன ஏற்றம் ஒன்றில் கார் நின்றது. அவனால் இறங்க முடியாது. நானும் பொன்னியும் தள்ளினோம். கிளம்பவில்லை. மறுபடி தள்ளினோம். உள்ளே அவன் முனகலும் நின்று போயிருந்தது.

"அய்யா, அந்த ஓரத்துல குந்தினா நறுக்குன்னுது, அப்புறம் வண்டி நிக்குது. முன்னாடி மத்தவங்களுக்குத் தொணைக்கு வந்தப்போ ரெண்டு தபா சொன்னேனே," என்றாள் பொன்னி.

"எலக்ட்ரிக்கப் பத்தி உனக்கு இன்னா..." என்று ஆரம்பித்த கம்பவுண்டர் பின்சீட்டைப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"எந்த ஓரம்மா? மொதல்லேர்ந்து சொல்லு."

அவள் கையை வைத்துக் காட்டினாள். அவனை முன்சீட்டுக்கு மாற்றிச் சாய்த்தோம். பொன்னியும் நானும் பின்னால் மறு ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். யாரும் தள்ளாமலே கார் கிளம்பியது.

குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் பின்சீட்டைத் தூக்கினார். பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரில் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. ஆள் உட்கார்ந்தால் சீட்டு ஸ்பிரிங் அழுத்தி ஒட்டு விலகும். தள்ளுவதற்கு இறங்கினால் தானே சேர்ந்துகொள்ளும். ஒயரை முறுக்கி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றினார். பிறகு படியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தபா சொல்லிருக்குது வாத்தியாரே. கம்பெனிக்காரன திட்டிக்கினே நானும் அதத்தான் செஞ்சிருக்கேன்."

மறுநாள் முதல் எங்கள் மலை ஆஸ்பத்திரி வேலையே குட்டிச்சுவராயிற்று. "சொல்லு, அப்புறம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார். பல்வலிக்காரர் பங்காளித் தகராறு வரை சொல்லிவிட்டுப் போவார். வரிசை புளியமரத்தைத் தாண்டி நீண்டது. "முன்னெல்லாம் சட்டுனு ஊத்தி அனுப்புவாரு," என்று ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் என் அப்பா இறந்து, எனக்குச் சோறு இறங்காமல் போனது. நெஞ்செரிச்சல் என்று சொல்லித்தான் அவரிடம் போனேன். ஒரு மணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசினேன். அவர் எதையும் எழுதவில்லை, எதையும் ஊற்றவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்டேன்.

இப்போதும் பெரிய ஆஸ்பத்திரிகளில், டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட கம்பவுண்டரிடம் மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.