காற்றை நிறுத்தி விசாரித்த தார்ப்பாய்க்காரர்

நான் பத்தாவது வரைதான் படித்தவள். லாரி புக்கிங் ஆபீஸில் லோடு ரசீது எழுதுவதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், பத்திரிகையில் எழுத வந்துவிட்டேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் தார்ப்பாய்க்காரரைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.

சங்ககிரியில் காற்றையே நிறுத்தி வைத்து, "எங்க போற?" என்று விசாரித்த ஒரே மனிதர் அவர்.

எங்கள் ஆபீஸ் சுவரோரம், வேப்பமரத்தடியில், லாரித் தார்ப்பாய் தைப்பது அவர் தொழில். பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். எதைக் கேட்டாலும் முதலில் விரலை எச்சில் தொட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க மேலே தூக்குவார். "சாப்பிட்டாச்சுங்களா?" என்றாலும் விரல் மேலே போகும். "மேக்காத்து. பரோட்டாக் கடையில சால்னா கொதிக்குது. இனிமேத்தான் அம்முணி" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொல்லிப் பெண் வீட்டாரோடு சண்டை போட்டு, பாயசம் வருவதற்குள் எழுந்து வந்தவர்.

எங்கள் ஆபீஸுக்குள் புகை பிடிக்கக் கூடாது. போர்டே இருக்கிறது. அதனால் டிரைவர்கள் எல்லாரும் ஒழுக்கமாக வெளியே போய், சரியாக என் ஜன்னலுக்குக் கீழே நின்று ஊதுவார்கள். ரெண்டு வருடமாக எனக்கு மூச்சிரைப்பு. "இடத்தை மாத்து, இல்லாட்டி வேலையை மாத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடம் கேட்க வாய் வரவில்லை. வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதைக் கொடுக்கவும் கூச்சம்.

ஒருநாள் நான் இருமியதைக் கேட்டுத் தார்ப்பாய்க்காரர் வந்தார். கையிலிருந்த தையல் நூலை ஜன்னல் ஓரமாகத் தொங்கவிட்டார். நூல் உள்பக்கம் சாய்ந்து என் மூக்கைக் காட்டியது.

"வெளியதானுங்கண்ணா நிக்கறோம்!" என்றார் ஒரு டிரைவர்.

"நீ வெளிய நிக்கற. உம்புகை நிக்குதா?"

முதலாளியின் மருமகன் அங்கேதான் இருந்தார். அவர் பேனா மாதிரி ஒரு மின்சிகரெட்டை உறிஞ்சுகிறவர். ஊதி விட்டால் மாம்பழ வாசம் வரும்.

"இது புகையே இல்லீங்கண்ணா. வெறும் ஆவி."

"ஆவின்னா இட்டிலி எங்க சாமி?"

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. தார்ப்பாய்க்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "உங்க புகை உங்களுக்கே இருக்கட்டும்" என்று, பழைய தார்ப்பாயை எடுத்து, என் ஜன்னலை ஒரு பாயால் அடைத்து, அவர்கள் நிற்கிற மூலையைச் சுற்றி ஒரே பகலில் கூடாரம் கட்டிவிட்டார். லாரிக்குக் கட்டுகிற அதே கட்டு. முன்பக்கம் இறுக்கி மூடி, பின்பக்கம் காற்று வெளியேறக் கொஞ்சம் தளர விடுவது. ஆபீஸ் ரோட்டைப் பார்த்து இருப்பதால், ரோட்டுப் பக்கம் முன்பக்கம் என்று வைத்துக்கொண்டார். "நாப்பது வருசத் தொழில் அம்முணி. ஒரு பொட்டு உள்ள வராது" என்றார்.

அது ஆடி மாதம். ஆபீஸுக்குப் பின்னாலிருந்து மேல்காற்று கிளம்பியது. தளர விட்ட வாய் வழியாகப் புகுந்தது. கூடாரம் பூரி மாதிரி உப்பியது. உள்ளே எட்டுப் பேர், ஏழு பீடி சிகரெட், ஒரு மாம்பழம். அத்தனை புகைக்கும் இருந்த ஒரே வழி, சுவரில் மேலே இருந்த முதலாளி அறையின் வெண்டிலேட்டர்.

முதலாளி கண் சிவந்து, வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "எவன்டா அது! எந்த வண்டிடா எரியுது? மாம்பழ லோடு எவன்டா ஏத்தினது?"

கூடாரத்துக்குள்ளிருந்து எட்டுப் பேரும் இருமிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். கடைசியாக மருமகன்.

தார்ப்பாய்க்காரர் விரலைத் தூக்கினார். காற்று பின்பக்கமிருந்து அடித்தது. "தப்பு நடந்து போச்சுங்க மொதலாளி. வண்டி ஓடினா காத்து முன்னால இருந்து வரும். கட்டடம் ஓடாதுங்கறது மறந்து போச்சுங்க."

"நாளைல இருந்து நீ இந்தப் பக்கமே வரக்கூடாது. மூட்டையக் கட்டு!"

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்தது.

"அவரை அனுப்பாதீங்க. நீங்க அஞ்சு நிமிசம் குடிச்சதை நான் ரெண்டு வருசமாக் குடிக்கறனுங்க."

"அப்பவே ஏனம்மா சொல்லலை?"

"சொல்றதுக்கு மூச்சு வேணுமுங்களே."

மருமகன் மெதுவாக, "வெளியதான மாமா..." என்று ஆரம்பித்தார். நான் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். முதலாளி கை நீட்டினார். கொடுக்கவில்லை. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பழைய போர்டுக்குக் கீழே ஒட்டினேன்: "ஜன்னலுக்குக் கீழேயும் ஆபீஸுக்குள்தான்."

முதலாளி படித்தார். வெண்டிலேட்டரைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்கடா" என்றார். தார்ப்பாய்க்காரரிடம், "நீ இதைப் பிரிச்சுட்டு, நாளைக்கு வந்து உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தார்ப்பாய்க்காரர் சாயங்காலம் வரை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். போகும்போது ஜன்னலில் அந்த நூலை மறுபடியும் தொங்கவிட்டுப் பார்த்து, "இப்ப உள்ள வரது வெறுங்காத்து அம்முணி. பயப்படாம இழு" என்றார். எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறார்கள். காற்றைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் மருமகன் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார். நான் ஜன்னலைத் திறந்து வைத்து ஒன்பது ரசீது எழுதினேன்.